பெட்டியில் அடைபட்ட ஆவியும் ஏட்டில் எழுதிய பாட்டும்: கேரள யூதர் தொன்மங்களும் அண்மைக்காலத் திரைக்கலையும்

பழங்கதை ஒன்றை அதன் காலத்திலிருந்தும் இடத்திலிருந்தும் பெயர்த்தெடுத்து இற்றைநாட் சூழலில் வைத்துப் புனைதல் தமிழிலக்கியத்திற்குப் புதிதன்று. அகலிகை கதையைப் புதுமைப்பித்தன் 'சாபவிமோசனம்' ஆக்கியது யாவரும் அறிந்ததே. எழுத்தில் நிகழ்ந்த இம்மறுபுனைவு திரைப்படத்திலும் வீடியோக் கலையிலும் பரவியது இருபதாம் நூற்றாண்டின் நிகழ்வாகும். உலக அளவில் இவ்வகையில் மிகுதியும் எடுத்தாளப்பெற்றவற்றுள் யூதர் தொன்மங்களும் அடங்கும். களிமண்ணால் ஆக்கப்பெற்று உயிர்பெறும் 'கோலெம்', இறந்தவன் ஆவி உயிருள்ளார் உடலிற் புகும் 'திபுக்' ஆகிய இரண்டும் திரையில் மீண்டும் மீண்டும் தோன்றிவருகின்றன.

இவற்றுள் திபுக் கதை 2017 ஆம் ஆண்டு கேரளத்திற்கு வந்தது. அவ்வாண்டு பிப்ரவரித் திங்களில் வெளிவந்த 'எஸ்ரா' என்னும் மலையாளத் திரைப்படம் கொச்சியைக் களமாகக் கொண்டு அக்கதையைச் சொல்கிறது. கேரளத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்குக் குறையாமல் வாழ்ந்த ஒரு மக்கட்பிரிவினர்க்கு அவர்தம் சொந்தத் தொன்மங்கள் இருக்க, திரை எந்தத் தொன்மத்தைத் தேர்ந்தது, ஏன் தேர்ந்தது, அத்தேர்வால் எது மறைந்தது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வாராய்ச்சி தமிழாய்வாளர்க்குரியதா என்னும் ஐயம் எழக்கூடும். கேரள யூதர் வரலாற்றின் தலையாய சான்று வட்டெழுத்துச் செப்பேடு என்பதை நினைவிற்கொள்வார்க்கு அவ்வையம் நில்லாது.

சொல்லும் கதையும்

'திபுக்' என்பது 'ஒட்டுதல், பற்றுதல்' எனப் பொருள்படும் எபிரேய வேரினின்று பிறந்த சொல். 'பேய் பிடித்தல்' என்னும் தமிழ் வழக்கிலும் பற்றுதற் பொருளே அடிப்படையாக நிற்பது கருதத்தக்கது. இரு மொழிகளுக்கும் உறவு கற்பிக்க இதனைக் கூறவில்லை. ஒரே அச்சம் இரண்டிடத்தும் ஒரே உருவகத்தைப் பெற்றிருக்கிறது என்பதே இங்குக் கருத்து. பதினாறாம் நூற்றாண்டில் பாலத்தீனத்தின் சஃபேத் நகரில் ஐசக் லூரியா, அவர் மாணாக்கர் ஹயிம் வித்தால் ஆகியோர் வளர்த்த கபாலா மறைஞானத்தில் உயிர் பிறவிதோறும் உடல் மாறும் என்னும் கொள்கை சிறப்பிடம் பெற்றது. அவ்வாறு மாற இயலாது அலையும் உயிர் மற்றொருவர் உடலைப் பற்றும் என்னும் நம்பிக்கை அதனோடு சேர்ந்தது. இது கிழக்கு ஐரோப்பிய யூதரிடையே வேரூன்றித் திபுக் என்னும் பெயரால் வழங்கலாயிற்று.

இந்நாட்டார் நம்பிக்கைக்குக் கலைவடிவம் தந்தவர் அன்ஸ்கி என்னும் புனைபெயர் கொண்ட ஷ்லோய்மே ரப்போபோர்ட் ஆவார். 1912 முதல் 1914 வரை வொலீனியா, பொதோலியா ஆகிய பகுதிகளில் ஊர் ஊராகச் சென்று கதைகளையும் பாடல்களையும் தொகுத்த கள ஆய்வாளர் இவர். அப்பட்டறிவிலிருந்து எழுந்த நாடகமே 'திபுக்'. 1920 நவம்பரில் அவர் மறைந்தார். அடுத்த திங்கள் வார்சா நகரில் வில்னா நாடகக் குழுவினர் அதனை முதன்முதலாக அரங்கேற்றினர். 1937 இல் போலந்தில் மிகால் வாஷின்ஸ்கி அதனை இத்திய மொழித் திரைப்படமாக்கினார். பிள்ளைகள் பிறக்குமுன்னரே தந்தையர் இருவர் மணஉறுதி செய்துகொள்கின்றனர். ஒருவர் அவ்வுறுதியை மறக்கிறார். ஏமாற்றமுற்ற இளைஞன் இறந்து தன் காதலி லேயாவின் உடலிற் புகுகிறான். சமயகுரு அவனை வெளியேற்றுகிறார். அவளோ உயிர்துறந்து அவனைச் சேர்கிறாள். இக்கதையில் ஆவி தீயதன்று. முறிந்த வாக்கின் உருவமாகவே அது வருகிறது. வாக்கை முறித்த தந்தை இறந்த நண்பனின் முன் வழக்காடி நிற்கவேண்டிய காட்சியும் நாடகத்தில் உண்டு. ஆவியைத் துரத்துவதற்கு முன் அதன் முறையீட்டைக் கேட்டல் இங்கு அறமாகக் கொள்ளப்பெறுகிறது.

இக்கதையில் பெட்டி இல்லை என்பது முதன்மையாகக் குறிக்கத்தக்கது. ஆவியைப் பெட்டியில் அடைத்து வைத்தல் என்னும் கூறு 2003 இல் அமெரிக்காவில் தோன்றியது. இணைய ஏலத்தில் பழைய மதுப்பேழை ஒன்றை விற்க முனைந்த கெவின் மன்னிஸ் என்பவர் அதனுள் திபுக் அடைபட்டிருப்பதாக ஒரு கதை எழுதினார். அக்கதை பரவி 2012 இல் ஹாலிவுட் படமொன்றிற்குக் கருவாயிற்று. கதை தம் கற்பனையே என 2021 இல் அவரே ஒப்புக்கொண்டார். ஆக, 'தொன்மையான யூத நம்பிக்கை' எனத் திரையில் அறிமுகம் பெறும் பெட்டி, கேரளத் திரையை அடைந்தபோது பதினான்கு வயதுகூட நிரம்பாத ஒன்று.

எஸ்ராவின் பெட்டி

ஜே.கே. இயக்கிய 'எஸ்ரா'வில் மும்பையிலிருந்து கொச்சிக்குக் குடிபெயரும் இளந்தம்பதியர் பழம்பொருட் கடையில் வேலைப்பாடமைந்த பெட்டி ஒன்றை வாங்குகின்றனர். அதனைத் திறந்தபின் வீட்டில் தீயவை நிகழ்கின்றன. ஆபிரகாம் எஸ்ரா என்னும் யூத இளைஞன் ரோஸி என்னும் கிறித்தவப் பெண்ணைக் காதலித்ததும், அக்காதல் இருவர்க்கும் அழிவாக முடிந்ததும், மகனின் ஆவியைத் தந்தை சடங்காற்றிப் பெட்டியில் அடைத்ததும் முற்கதையாக விரிகின்றன. கணவனாகப் பிருத்விராஜும் மனைவியாகத் தமிழ்த் திரைக்கு அறிமுகமான பிரியா ஆனந்தும் நடித்துள்ளனர். அணுக்கழிவைக் கையாளும் நிறுவனத்தில் பணியாற்றுபவன் என நாயகனைப் படைத்திருப்பது படத்தின் சிறந்த கற்பனை. திறக்கக்கூடாத பெட்டியும் திறக்கக்கூடாத கழிவுக்கலனும் ஒன்றையொன்று எதிரொலிக்கின்றன. பழங்கதையை இக்காலத்தில் வைத்தல் என்பதற்கு இப்படத்தில் உண்மையான பொருள் கிடைப்பது இவ்வோரிடத்திலேதான் எனலாம்.

கேரளப் பார்வையாளர் இப்பெட்டியை எளிதில் ஏற்றுக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. பேயைக் கட்டுதல் என்பது இந்நிலத்தின் பழைய வழக்கு. கொட்டாரத்தில் சங்குண்ணியின் 'ஐதீகமாலை'யில் இடம்பெறும் கடமற்றத்துக் கத்தனார் கதை இதற்குச் சான்றாகும். பத்மநாபபுரத்திற்கும் திருவனந்தபுரத்திற்கும் இடைப்பட்ட வழியில் நின்று வழிச்செல்வோரைக் கொன்ற இயக்கியைக் கிறித்தவக் குருவாகிய கத்தனார் ஆணியறைந்து அடக்கினார் என்பது கதை. தெற்கிலிருந்து தலைநகர்க்கு வரும் அப்பெருவழி கரமனையாற்றைக் கடந்தே நகருக்குள் நுழைகிறது என்பதைக் கரமனையில் வாழ்வார்க்குச் சொல்லவேண்டியதில்லை. நாஞ்சில் நாட்டில் வில்லுப்பாட்டாகப் பாடப்பெறும் நீலி கதையும் இவ்வகையினதே. ஆணிக்கும் குடத்திற்கும் உரிய இடத்தில் 'எஸ்ரா' பெட்டியை வைத்தது, அவ்வளவே. யூதர் பெயரால் வந்தது, அமெரிக்க வணிகக் கற்பனையும் கேரளப் பேய்க்கட்டு மரபும் கலந்த ஒன்றாகும். கலப்பு குற்றமன்று. நாட்டார் வழக்காறு எங்கும் கலந்தே வளர்கிறது. ஆயின் கலப்பில் யூதர் பங்கு என்னவென வினவினால் பெயரும் தொப்பியும் எபிரேயச் சடங்குமொழியும் மட்டுமே எஞ்சுகின்றன.

அயல்மொழி பேசும் பேய்

இங்குச் சிறிது விலகி ஒன்றைக் கூறுதல் பொருத்தமாகும். 1993 இல் ஃபாசில் இயக்கிய 'மணிச்சித்திரத்தாழ்' மலையாளப் பேய்க்கதைப் படங்களுள் தலைசிறந்ததாகக் கருதப்பெறுவது. அதில் பூட்டிய தெற்கினியறையில் உறைவதாக நம்பப்படும் நாகவல்லி தஞ்சையிலிருந்து கொண்டுவரப்பெற்ற ஆடல்மகள். கதைத்தலைவி கங்கை நாகவல்லியாக மாறும் கணத்தில் அவள் பேச்சு தமிழாகிறது. இப்படம் 2005 இல் 'சந்திரமுகி' எனத் தமிழில் மறுவாக்கம் பெற்றபோது அப்பேய் தமிழ் பேசவில்லை, தெலுங்கு பேசிற்று. மலையாளிக்குத் தமிழ், தமிழர்க்குத் தெலுங்கு எனப் பேயின் மொழி எப்போதும் அண்டைவீட்டு மொழியாகவே அமைகிறது. முழுதும் அறியாத மொழி அச்சம் தருவதில்லை. பாதி புரிந்து பாதி புரியாத மொழியே தருகிறது என்பது இதிலிருந்து பெறப்படும்.

கரமனை, சாலை, கோட்டைப் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகத் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு வாழ்வோர்க்கு இப்படம் தந்த பட்டறிவு தனிவகையானது. அரங்கிலிருந்த பிறர் அஞ்சியது அவர்களுடைய வீட்டு மொழியைக் கேட்டு. அக்காட்சியின் கலைச்சிறப்பை மறுப்பதற்கில்லை. எனினும் அண்டையவரின் கதையில் தான் எவ்வுருவில் தோன்றுகிறோம் என்னும் வினா சிறுபான்மை மக்களுக்கு எப்போதும் வெறும் அழகியல் வினாவாக இருப்பதில்லை. தமிழர்க்கேனும் மறுமொழி சொல்ல ஏடும் அரங்கும் உண்டு. 'எஸ்ரா' வெளிவந்தபோது மட்டாஞ்சேரியில் வாழ்ந்த பரதேசி யூதர் விரல்விட்டு எண்ணத்தக்க முதியோரே. படம் தொடங்குவதே ஒரு யூத முதியவரின் இறப்போடுதான். மறுமொழி சொல்வார் அருகிவிட்ட இடத்தில் அவர்தம் இறந்தோரைத் தீய ஆவியாக்குதல் எளிதாகிவிடுகிறது.

பள்ளிப்பாட்டும் பாட்டேடும்

கேரள யூதர்க்கு உரிய வாய்மொழி மரபு எத்தகையது? அது மலையாளத்தில் அமைந்தது. பெரும்பாலும் பெண்களால் காக்கப்பெற்றது. திருமண நாள்களிலும் பண்டிகைகளிலும் பெண்கள் கூடிப் பாடிய பாடல்கள் மலையாள எழுத்தில் குறிப்பேடுகளில் எழுதப்பெற்றுத் தாயிடமிருந்து மகளுக்கு வந்தன. ஆடவர் முன்னிலையில் பெண்கள் பாடுதலைத் தடுக்கும் வழக்கம் வேறு பல யூதச் சமுதாயங்களில் இருந்தும், கேரளத்தில் அத்தடை செல்லவில்லை. யோசேப்பு, ரூத்து, எஸ்தர், தாவீது ஆகியோரைப் பற்றிய விவிலியக் கதைப்பாட்டுகள், மணமகளை வாழ்த்தும் பாட்டுகள், ஒவ்வொரு தொழுகைக்கூடத்தின் பிறப்பையும் பெருமையையும் கூறும் பள்ளிப்பாட்டுகள், வழிபாட்டுப் பாட்டுகள் என இவை பல திறத்தன. யூதர் தொழுகைக்கூடமும் இந்நிலத்தில் 'பள்ளி' எனவே பெயர்பெற்றது. சமண பௌத்தத் துறவியர் உறைவிடத்திற்குத் தமிழில் வழங்கிய இச்சொல் மேலைக்கரையில் கிறித்தவர், முசுலிம், யூதர் மூவர்க்கும் பொதுவாயிற்று என்பது சொற்பொருள் வரலாற்றில் தனியே ஆராய்தற்குரியது.

இப்பாடல்களைத் தேடித் தொகுத்தவர்களுள் முன்னோடி பி.எம். ஜுஸ்ஸே. பின்னர் ஸ்கறியா சக்கறியாவும் ஓபிரா கம்லியேலும் 2005 இல் எருசலேமிலிருந்து 'கார்குழலி' என்னும் தொகுப்பை மலையாள மூலத்தோடும் எபிரேய மொழிபெயர்ப்போடும் வெளியிட்டனர். அமெரிக்க மானிடவியலாளர் பார்பரா ஜான்சன் பல்லாண்டு உழைத்துத் தொகுத்த ஒலிப்பதிவு 2004 இல் எருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்து யூத இசையாய்வு மையத்தின் வாயிலாக வெளிவந்தது. தொகுப்பின் பெயர் 'கார்குழலி' என்பதைக் கேட்கும் தமிழர் எவரும் அகராதியைத் தேடமாட்டார். இருந்தும் இத்தொகுப்பு தமிழாய்வுலகில் போதிய கவனம் பெறாமற் போனது வருந்தத்தக்கது.

பாடல்களுள் ஒன்று ஏவராயி என்பானைப் பற்றியது. எருசலேமிலிருந்து புறப்பட்டுப் பல நாடுகளைக் கடந்து மலையாளக் கரையிலுள்ள பாலூரை அடைந்து அங்குப் பள்ளி எழுப்பிய ஒருவனின் கதை அது. கடல்கடந்து வந்தோர் புதிய மண்ணை எங்ஙனம் தமதாக்கிக்கொண்டனர் என்பதைக் கூறும் வருகைத் தொன்மமாக இதனைக் கொள்ளலாம். கிளியை முன்னிலைப்படுத்தும் பாட்டும் இவ்வேடுகளில் உண்டு. தமிழ்த் தூதிலக்கியத்திலும் பெண்பாற் பிள்ளைத்தமிழிலும் மலையாளக் கிளிப்பாட்டிலும் பழகிய கிளி இங்கு யூதப் பெண்களின் பாட்டிலும் வந்தமர்கிறது.

பாட்டன்றிப் பெரியோர் வழிபாடும் இம்மரபில் இடம்பெற்றது. மட்டாஞ்சேரியில் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த நெகேமியா மூத்தா என்னும் பாவலரும் மறைஞானியும் ஆகிய ஒருவரின் கல்லறை உள்ளது. யூதரேயன்றி இந்துக்களும் கிறித்தவரும் முசுலிம்களும் அங்கு விளக்கேற்றி வேண்டிக்கொள்வர். திபுக் கொள்கையை வளர்த்த அதே கபாலா மரபோடு தொடர்புடைய பெரியவர் கொச்சியில் அனைவர்க்கும் அருளுபவராக நினைக்கப்பெறுகிறார். கொச்சியின் யூத ஆவி எது என வினவின் இத்தெருவோர மெழுகுவத்திகளே உரிய விடையாகும்.

குறிப்பேட்டில் வாழும் பாட்டு என்பது கரமனையார்க்கு அயலானதன்று. நீலகண்ட சிவன் (1839–1900) கரமனையில் வாழ்ந்து பாடிய தமிழ்க் கீர்த்தனங்கள் ஆற்றங்கரை அக்கிரகாரங்களின் பஜனைகளில் வாய்வழியாகவும் கையேட்டின் வழியாகவும் நிலைபெற்றன. இளமையில் திருவனந்தபுரத்தில் வாழ்ந்த பாபநாசம் சிவன் அவற்றில் தோய்ந்தே தம் வழியைக் கண்டார். தமிழ்ப் பாட்டை மலையாள எழுத்தில் எழுதிவைத்துப் பாடுதல் கேரளத் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் காணத்தக்க வழக்கம். பேசும் மொழி ஒன்று, எழுதும் எழுத்து வேறு, வழிபாட்டு மொழி மற்றொன்று என்னும் நிலை யூதர்க்கும் இருந்தது. ஆதலின் யூதப் பெண்களின் பாட்டேட்டைப் புரிந்துகொள்ளக் கரமனையினும் ஏற்ற இடம் அரிது.

முயிரிக்கோட்டுச் செப்பேடு

பாட்டேட்டிற்கு முந்தியது செப்பேடு. சேரமன்னன் பாஸ்கர இரவிவர்மன் முயிரிக்கோட்டில் இருந்தருளியபோது இசுப்பு இரப்பானுக்கு வழங்கிய பட்டயம் மட்டாஞ்சேரிப் பரதேசிப் பள்ளியின் உடைமையாகக் காக்கப்பெற்று வந்தது. ஹுல்ச் இதனை 'எபிகிராஃபியா இந்திகா' மூன்றாம் தொகுதியில் பதிப்பித்தார். மன்னனின் இரண்டாம் ஆட்சியாண்டிற்கு எதிர் முப்பத்தாறாம் ஆண்டு எனப் பட்டயம் குறிக்கும் காலத்தைக் கி.பி. 1000 என எம்.ஜி.எஸ். நாராயணன் கணித்தார். அஞ்சுவண்ணமும் எழுபத்திரண்டு வீடுபேறும் இதனால் கொடுக்கப்பெற்றன. பகல்விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, பறை, காகளம், தோரணம் முதலியன அப்பேறுகளுள் அடங்குவன. உல்கும் துலாக்கூலியும் இறுக்கவேண்டா என விலக்களிக்கப்பெற்றது. திருக்குறளில் அரசிறையாக வரும் அதே 'உல்கு' ஈண்டு யூத வணிகர் தலைவர்க்கு நீக்கப்படுகிறது. பேறுகள் ஆண்மக்கட்கு மட்டுமன்றிப் பெண்மக்கள் வழியினர்க்கும் மருமக்களுக்கும் உரியவை என்பதும் கவனிக்கத்தக்கது. சான்றாளருள் முதலில் நிற்பவர் வேணாடுடைய கோவர்த்தன மார்த்தாண்டன். அதாவது திருவனந்தபுரத்தை உள்ளடக்கிய தென்னாட்டின் தலைவர்.

பட்டயத்தின் மொழி தமிழா, மலையாளத்தின் முதுநிலையா என்னும் வழக்கு நெடுங்காலமாக நடந்துவருகிறது. அதற்குள் புகுதல் இங்கு வேண்டா. வழக்காடுவோர் இருசாராரும் பட்டயம் பெற்றவன் வழியினர் அதனை எங்ஙனம் நினைவிற் கொண்டனர் என்பதைக் கேட்க மறந்தனர் என்பதையே சுட்டவேண்டும். கொச்சி யூதர் திருமணத்தில் மணமகன் இசுப்பு இரப்பானாகவே மதிக்கப்பெற்றான். குடையும் விளக்கும் நடைபாவாடையும் வெறும் ஆடம்பரமல்ல. பட்டயத்தில் எழுதியவை தெருவில் மீண்டும் நடிக்கப்பெற்றன. பழங்கதையை நிகழ்காலத்தில் வைத்து மறுபுனைதல் என இன்று கலைஞர் பேசுவதைக் கொச்சி யூதர் ஒவ்வொரு மணநாளிலும் செய்துவந்தனர்.

இதனினும் முற்பட்டது கி.பி. 849 இல் வேணாட்டு அய்யனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வழங்கிய செப்பேடு. து.அ. கோபிநாதராவ் இதனைத் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் பதிப்பித்தார். அரபு, பகலவி எழுத்துகளில் சான்றொப்பம் இட்டாரோடு எபிரேய எழுத்தில் பாரசீக மொழியில் ஒப்பமிட்ட நால்வரும் அதில் உளர். கோயில் அழிந்த கி.பி. 70 ஐ அடுத்தே முசிறிக்கு வந்தோம் என்பது யூதர் மரபுரை. யவனர் கலம் பொன்னொடு வந்து கறியொடு பெயர்ந்த செய்தியை அகநானூறு கூறுவது அம்மரபுரைக்குச் சூழலைத் தருமேயன்றிச் சான்றாகாது. ஐயத்திற்கிடமற்ற எழுத்துச் சான்று கொல்லத்து ஒப்பங்களிலிருந்தே தொடங்குகிறது. விவிலியத்து 'துகி' என்னும் சொல் 'தோகை' என்பதன் திரிபு எனக் கால்டுவெல் கூறியது முதல் நம்மவர் யூதர் தொடர்பு பற்றிப் பேசும்போதெல்லாம் மயிலிறகைத் தாண்டிச் செல்வதில்லை. சாலமன் அவைக்கு மயில் போனதை ஆயிரம் முறை எழுதிய நாம், கொல்லத்தில் ஒப்பமிட்ட நால்வரை ஒருமுறை எழுதினோமா என்பது ஐயமே.

வஞ்சியில் பேசிய இறந்தோர்

இறந்தவர் உயிருள்ளார் உடலிலிருந்து பேசுதல் தமிழ் மரபிலும் உண்டு. அதுவும் சேரநாட்டு வஞ்சியில் நிகழ்கிறது. சிலப்பதிகாரத்து வரந்தரு காதையில் தேவந்திகைமேல் பாசண்டச் சாத்தன் ஏறி, கரகநீரை மூன்று சிறுமியர்மேல் தெளிக்கச் சொல்கிறான். நீர் பட்டதும் கண்ணகியின் தாயும் கோவலன் தாயும் மாதரியும் அச்சிறுமியர் வாயிலாகத் தத்தம் துயரைப் புலம்புகின்றனர். மூவருள் ஒரு சிறுமி ஆடகமாடத்துத் திருமால் கோயிற் பணியாளன் மகள். ஆடகமாடம் திருவனந்தபுரமே என்னும் பழைய உரைக்கருத்து இந்நகரத்தார்க்கு இனிப்பது. இரவிபுரம் என்பாரும் உண்டாதலால் அதனை வற்புறுத்தவில்லை.

இக்காதையில் ஏறிய தெய்வத்தை எவரும் ஓட்டவில்லை. பேசிய உயிர்களை எவரும் அடைக்கவில்லை. அரசன் செங்குட்டுவன் கேட்கிறான், அழுகை முடிகிறது, சிறுமியர் சிறுமியராகின்றனர். பிறவி மாறிய உயிர், தீராத துயர், கேட்கும் அவை என்னும் மூன்றும் அன்ஸ்கியின் நாடகத்திலும் உள்ளன. ஒன்று மற்றொன்றின் வழிவந்தது எனக் கூறுவார் எவரும் இரார். ஆயின் கேரளத்தில் திபுக் கதையை மறுபுனைய விழைந்த கலைஞர்க்கு, வஞ்சி எனவும் முயிரிக்கோடு எனவும் மகோதை எனவும் பலர் கருதும் கொடுங்கல்லூர் நிலத்திலேயே இக்காதை ஒரு வாயிலைத் திறந்து வைத்திருந்தது. யூதர் அதே நிலத்தைச் சிங்ளி எனப் பெயரிட்டுத் தம் தாயகமாகப் பாடினர். வஞ்சி கருவூரே என்பார் இதனை ஏலார். அவர்க்கும் அன்ஸ்கியை வரந்தரு காதையோடு வைத்துப் படிப்பதில் தடையிராது.

கொச்சிச் சுவர்களில்

2012 டிசம்பரில் தொடங்கிய கொச்சி முசிறி ஈராண்டுக் கலைவிழா இத்துறைமுக நினைவுகளைக் கலைப்பொருளாக்கியது. முதல் விழாவிலேயே விவான் சுந்தரம் 'கறுப்புப் பொன்' எனப் பொருள்படும் ஆக்கத்தைப் படைத்தார். பட்டணம் அகழாய்வில் கிடைத்த ஓட்டுச் சில்லுகளை அடுக்கி ஒரு நகரமைத்து அதனை வீடியோக் காட்சியோடு இணைத்தது அவ்வாக்கம். அழிந்துபோன முசிறியை அது கண்முன் நிறுத்திற்று. அங்குப் பேய் இல்லை. ஓட்டுச் சில்லே பேசுகிறது. 2018 இல் மலபார் யூதர் வழிவந்த இசுரேலிய ஓவியர் மேதாத் எலியாகுவும் கொச்சியைச் சேர்ந்த எழுத்துக்கலைஞர் தௌபீக் சக்கரியாவும் மட்டாஞ்சேரியில் நிகழ்த்திய காட்சியின் பெயர் 'செம்முடி, பச்சைக்கிளி' என்னும் பொருளது. யூதரொருவரும் முசுலிமொருவரும் சேர்ந்து பாட்டேட்டின் கிளியைத் தெருவிற்குக் கொணர்ந்தனர். படம் பெற்ற கூட்டத்தில் நூறில் ஒரு பங்கும் இவற்றிற்குக் கிட்டியிராது. ஆயினும் யூதர் தொன்மத்தை மறுபுனைதல் என்னும் தொடர்க்கு உரியவை இவையே என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

'எஸ்ரா'வை அதே இயக்குநர் 2021 இல் 'திபுக்' என்னும் பெயரில் இந்தியில் மறுவாக்கம் செய்தார். கதைக்களம் கொச்சியிலிருந்து மொரீசியசுக்கு மாறியது. மட்டாஞ்சேரியை விட்டுப் பெட்டி கப்பலேறியபோது கதைக்கு எவ்விழப்பும் நேரவில்லை. ஏவராயியின் பாட்டைப் பாலூரிலிருந்து பெயர்த்தால் பாட்டே இராது.

1948 ஐ அடுத்த ஆண்டுகளில் கேரள யூதருட் பெரும்பாலோர் இசுரேலுக்குக் குடிபெயர்ந்தனர். பீர்செபாவை அடுத்த நெவாத்தீம், எருசலேம் மலைச்சரிவிலுள்ள மெசிலாத் சீயோன் முதலிய வேளாண் குடியிருப்புகளில் அவர்கள் அமர்ந்தனர். பெண்கள் பாட்டேடுகளைக் கொண்டுசென்றனர். ஏட்டைப் படிக்கத் தெரியாத பேத்தியர் எபிரேய எழுத்தில் ஒலிபெயர்த்து எழுதிக்கொண்டு பாடக் கற்றனர். 2004 இல் வெளிவந்த ஒலிப்பதிவில் அம்மூதாட்டியரின் குரல்கள் உள்ளன. அதன் தலைப்பில் விளிக்கப்பெறுவதும் கிளியே.